பொறுமைசாலியின் ரிவால்வர்

"ஊரே என்னைப் பொறுமைசாலின்னு சொல்லுதும்மா. அதைக் கேட்டா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது."

அர்த்தநாரி இதைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

மலையடிவாரத்தில் இரண்டு அறை, ஒரு கிணறு. அவ்வளவுதான் அந்த இடம். அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கலாம். தாலுகா ஆபீஸில் தட்டச்சராக இருந்தவர். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டவர்களுக்கு மோர் கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை.

அர்த்தநாரிக்கு ஐம்பத்துமூன்று. ஜவ்வரிசி ஆலை முதலாளி. பன்னிரண்டு வருஷமாக மாதம் ஒருதரம் வருகிறார். தன்னைவிடச் சின்னவளைப் போய் அம்மா என்கிறாரே என்று ஆலையில் சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்வதில்லை.

"பொறுமைசாலின்னு சொன்னா நல்லதுதானே?"

"நான் அப்படி இல்லீங்கம்மா."

"சரி. இந்தக் கீரையில பாதியை எடுத்துக்குங்க. ஆய்ஞ்சுக்கிட்டே சொல்லுங்க."

அவர் எடுத்துக்கொண்டார். ரிவால்வரிலிருந்து ஆரம்பித்தார்.

ஆலைக்கு வெளியே இரண்டு முறை யாரோ வண்டியை மறித்தார்கள். அதைக் காரணமாக எழுதி மனுக் கொடுத்தார். லைசென்ஸ் வர இரண்டு வருஷம் ஆயிற்று. போன ஆவணியில் துப்பாக்கி கைக்கு வந்தது. ஆறு குண்டு பிடிக்கும். விசையை ஒரே இழுப்பாக இழுத்தால் போதும். உருளை தானே சுழலும், பின்னால் இருக்கும் சுத்தி தானே எழும்பும், தானே விழும்.

அந்த இழுப்பு சற்று இறுக்கமாக இருக்கும் என்று விற்றவர் சொன்னாராம். அதை அப்படியே வைத்திருங்கள் என்றும் சொன்னாராம்.

அர்த்தநாரி வைத்திருக்கவில்லை.

முதலில் கைப்பிடி. கம்பெனி கொடுத்தது வெறும் பிளாஸ்டிக். அதைக் கழற்றிவிட்டு ஈட்டி மரத்தில் புதிதாகச் செய்யச் சொன்னார். தச்சர் மூன்று முறை அளவெடுத்தார். களிமண்ணைப் பிடிக்கச் சொல்லி, விரல் பதிந்த பள்ளத்தைப் பார்த்து இழைத்தார். பிறகு ஆசாரியிடம் கொடுத்து அதன் ஒரு பக்கத்தில் வெள்ளித் தகட்டில் தன் பெயரின் முதல் எழுத்தைப் பதித்து வாங்கினார். பிறகு உறை. எருமைத்தோல் முரடாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்து ஆட்டுத்தோலில் தைத்து வாங்கினார். இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறியது. கை காற்றில் எதையோ பிடித்துக்கொண்டிருந்தது.

"கீரை" என்றார் அம்மா.

அவர் மறுபடி ஆயத் தொடங்கினார்.

அவர் மனைவி ஒருநாள் சொன்னாளாம், எனக்கு ஒரு தோடு இப்படிப் பார்த்துப் பார்த்து வாங்கியதில்லை நீங்கள் என்று. அவர் சிரித்தாராம்.

கடைசியில் விசை. லேத்துப் பட்டறைக்காரன் முதலில் மறுத்தான். லைசென்ஸ் சாமானில் கை வைக்கக் கூடாது முதலாளி என்றான். அவர் விடவில்லை. சுருள்வில்லை இளக்கி வாங்கிவந்தார். இப்போது சுண்டுவிரல் பட்டாலே போதும்.

"அது வரைக்கும் நீங்க அதை வெச்சுச் சுட்டதுண்டா?"

"இல்லீங்கம்மா. தினமும் துடைப்பேன்."

அம்மா ஒரு காம்பை ஒடித்துப் போட்டார்.

ஆயுத பூஜை வந்தது. ஆலையில் கிழங்கு அரைக்கும் எந்திரம், தராசு, லாரி, சல்லடை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். இந்த வருஷம் நடுத்தட்டில் ரிவால்வர். மற்றவற்றுக்கு ஒரு பொட்டு என்றால் இதற்கு ஒரு காப்பு. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை அவரே அள்ளி அப்பினார். குழலுக்கு, கைப்பிடிக்கு, உருளைக்கு. மேலே குங்குமம், அதற்கு மேலே செவ்வந்தி. மூன்று நாள் அப்படியே இருந்தது. பிறகு வெளியே இருந்ததைத் துணியால் துடைத்தார். உருளைக்கும் சட்டத்துக்கும் நடுவே இறங்கியிருந்தது அவருக்குத் தெரியவில்லை.

தை மாதம் பொன்னுரங்கத்தோடு தகராறு வந்தது.

பொன்னுரங்கம் பக்கத்துக் காட்டுக்காரன். முப்பத்துநாலு வயது. ஆலையிலிருந்து கிழங்கு கழுவின தண்ணீர் அவன் நிலத்துக்குள்தான் போகும். போகக் கூடாது. ஆனால் போகும். நாலு தரம் வந்து சொல்லிப் பார்த்தான். ஐந்தாம் தரம் மணல் மூட்டையை அடுக்கி வாய்க்காலை அடைத்துவிட்டான். தண்ணீர் திரும்பி ஆலைக்குள் ஏறியது. காயப்போட்டிருந்த மாவு முழுக்க நனைந்தது.

அர்த்தநாரி ஓடினார். இரண்டு பேரும் சத்தம் போட்டார்கள். என்ன சொன்னோம் என்று அவருக்கு இப்போது நினைவில்லை. பொன்னுரங்கம் சொன்ன ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. இடுப்பில் பொம்மையைக் கட்டிக்கிட்டு வந்தா பயந்துருவேனா முதலாளி என்றான். ஆலை ஆட்கள் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். அதில் யாரோ ஒரு பெண் சிரித்தாள்.

"எடுத்தேம்மா. நீட்டினேன். விரல் பட்டுச்சு. உருளை சுத்தலை. சந்தனம் காஞ்சு கல்லா இருந்துச்சு. இறக்கிட்டேன்."

அம்மா அடுத்த கொத்தை எடுத்தார்.

அவர் முதுகுப் பக்கம் நின்ற ஆட்கள் பார்த்தது இவ்வளவுதான்: முதலாளி துப்பாக்கியை எடுத்தார், நீட்டினார், கொஞ்ச நேரம் நின்றார், இறக்கி உறைக்குள் வைத்தார். அன்று சாயங்காலமே டீக்கடையில் பேச்சாகிவிட்டது. கையில் ஆயுதம் இருந்தும் பொறுத்துப் போனவர். மாரியம்மன் பண்டிகையில் அவருக்குப் பரிவட்டம் கட்டினார்கள்.

மூன்றாம் நாள் பொன்னுரங்கம் அவர் வீட்டுக்கு வந்தான். மணல் மூட்டைகளை அவனே எடுத்துவிட்டிருந்தான். நினைத்திருந்தால் என்னைச் சுட்டிருக்கலாம், விட்டுவிட்டீர்கள் என்று காலைத் தொட்டான். அன்றிலிருந்து முதலாளி என்று கூப்பிடுவதில்லை. மச்சான் என்கிறான். அவன் பெண்டாட்டி பூங்காவனம் அண்ணா என்கிறாள். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை, பதினொரு மாதம். நாளைக் காலையில் காதுகுத்து. பூங்காவனத்துக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. தாய்மாமன் முறைக்கு நீங்கள்தான் உட்கார வேண்டும், உங்கள் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்று வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்டிருக்கிறார்கள்.

அவர் சரி என்று சொல்லிவிட்டார்.

"என் மடியில அந்தப் பிள்ளை உக்காரலாமாம்மா? சாமியே சந்தனமா வந்து தடுத்துச்சுன்னு என் வீட்டுக்காரி சொல்றா. அப்படி எடுத்துக்கலாமா?"

"துப்பாக்கி எங்கே?"

"கார்ல இருக்கு."

"துடைச்சுட்டீங்களா?"

"அதுக்கப்புறம் தொடவே இல்லீங்க."

"கொண்டாங்க."

கொண்டுவந்தார். அம்மா சொன்னபடி திறந்து ஆறு குண்டையும் எடுத்து முறத்தில் கீரைக்குப் பக்கத்தில் வைத்தார். மூடினார். ஈட்டி மரக் கைப்பிடி பளபளவென்று இருந்தது. உருளையின் ஓரத்தில் மஞ்சளாய் ஒரு கோடு.

அம்மா கிணற்றடியில் இருந்த துவைக்கிற கல்லைக் காட்டினார்.

"அன்னிக்குப் பண்ணினதைப் பண்ணுங்க. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

அவர் எழுந்து நின்றார். நீட்டினார். விரல் விசையில் பட்டது. உருளை மாட்டிக்கொண்டது.

இறக்கத்தான் நினைத்தார். விரல் விடவில்லை. மறுபடி இழுத்தது. வரவில்லை. அதற்குள் இடதுகை தானாகவே எழும்பி வந்து வலதுகையைப் பிடித்துக்கொண்டது. தோளைக் குறுக்கி, பல்லைக் கடித்து, இரண்டு கையாலும் இழுத்தார்.

பிறகு இறக்கினார்.

"மூணு" என்றார் அம்மா.

அர்த்தநாரி அப்படியே உட்கார்ந்தார்.

கிணற்றில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது, தவளையாக இருக்கலாம்.

"ரெண்டு மாசமா ஒண்ணுன்னுதான் எனக்கே சொல்லிக்கிட்டிருந்தேன். வில்லு இளகியிருந்துச்சு, கை தவறிப் பட்டுருச்சுன்னு. மூணாவதுக்கு ரெண்டு கையும் வேண்டியிருந்துச்சும்மா."

"ம்."

"அவன் முகத்தைப் பாத்துக்கிட்டேதான் இழுத்தேன்."

"ம்."

"இப்ப சொல்லிட்டேன். ஆனா ஒண்ணும் குறையலையே?"

அம்மா முறத்தை எடுத்தார். குண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"என்கிட்ட சொன்னா எப்படிக் குறையும்? எதிர்ல நின்னது நான் இல்லையே."

கீரையோடு உள்ளே போனார்.

அர்த்தநாரி மோருக்காகக் காத்திருந்தார். மோர் வரவில்லை.

வெயில் சாயும் நேரத்துக்குப் பொன்னுரங்கத்தின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்தார். வரப்பு நெடுக வெள்ளையாய்ச் சேறு. புளித்த நாற்றம். கடலைச் செடிகள் முழங்கால் உயரம் வராமலே வெளிறிக் கிடந்தன. இந்த வழியாக அவர் இதற்கு முன் நடந்ததில்லை.

வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். வாழை கட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் அவரைப் பார்த்ததும் இறங்கி நின்றார்கள். ஒருவன் மற்றவனிடம் இவர்தான் என்று சொன்னது காதில் விழுந்தது. பூங்காவனம் குழந்தையோடு வெளியே வந்து வாங்கண்ணா என்றாள். குழந்தை அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடிக்கக் கை நீட்டியது. அவர் ஓர் அடி பின்னால் போனார்.

பொன்னுரங்கத்தைத் தனியாக வரச் சொன்னார். காட்டு ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்தார்கள். பந்தலுக்கு இன்னும் நாலு கீற்று வேண்டியிருக்கிறது, பூசாரி வந்துவிட்டார், சீர்த்தட்டு நீங்கள் ஒன்றும் எடுத்துவர வேண்டாம் மச்சான், நாங்களே வாங்கிவிட்டோம் என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தான். அவர் நின்றதும் அவனும் நின்றான்.

"பொன்னுரங்கம். நான் பொறுத்துப் போகலை."

அவன் தோள்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அழுத்தினேன். ஒரு தடவை இல்லை, மூணு தடவை. சந்தனம் உள்ளே காஞ்சு மாட்டிக்கிச்சு. அதனாலதான் நீ இங்கே நிக்கிறே. ஊர் சொல்றது எதுவும் நெசம் இல்லை. நீ என் காலைத் தொட்டது, என்னைப் பிள்ளைக்கு மாமன்னு உக்கார வைக்கிறது, எதுக்கும் நான் லாயக்கு இல்லை."

சொல்லி முடித்ததும் அடிப்பான் என்று நினைத்தார். அடிக்க வேண்டும் என்று இருந்தது.

பொன்னுரங்கம் தோள்துண்டின் ஓரத்தில் தொங்கிய நூலை இழுத்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்" என்றான்.

அர்த்தநாரி நிமிர்ந்தார்.

"எட்டடி தூரம்தான் இருந்துச்சு. உங்க நகம் வெளுத்தது தெரிஞ்சுது. மூணு தடவையும்."

"தெரிஞ்சுமா வந்தே? தெரிஞ்சுமா வெத்தல பாக்கு வெச்சே?"

பொன்னுரங்கம் வீட்டுப் பக்கம் பார்த்தான். பந்தலுக்குள் பூங்காவனம் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவதான் சொன்னா. போலீசு கீலீசுன்னு போனா நாளைக்கு இவர் பக்கத்துக் காட்டுலதானே இருப்பார், நீ தினமும் தண்ணி கட்டப் போகணுமேன்னா. ரெண்டு நாள் தூங்காம யோசிச்சா. பிள்ளையை அவர் மடியில உக்கார வெச்சுக் காது குத்திட்டா, அதுக்கப்புறம் அதோட அப்பனைச் சுட மாட்டாருன்னு சொன்னா."

அதில் கோபம் இல்லை. இந்தப் பக்கம் மழை வருமா வராதா என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

அர்த்தநாரி உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்தார்.

பொன்னுரங்கம் அவர் கைகளைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான்.

"காலையில ஆறு மணிக்குங்க மச்சான்" என்றான். "வந்துருவீங்கல்ல?"