பெட்டிக்குள் போன கலிங்கு

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் பொழுது அதிகமாகவும் இருந்த அந்தப் பொற்காலத்தில், ஒரு தேசத்தை மகுடகேது என்ற ராஜா ஆண்டுவந்தார். ஆள் நல்லவர்தான். காரணமில்லாமல் யாரையும் கழுவேற்றமாட்டார். என்ன, வருஷத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். ஒரு வருஷம் வெள்ளைக் காக்கை தேடினார். மறு வருஷம் அரண்மனையில் உள்ளவர்கள் எல்லோரும் இடது காலை முதலில் வைத்து நடக்கவேண்டும் என்றார். அதற்கடுத்த வருஷம் வந்தது சொல் பைத்தியம்.

அது ஒரு மருந்துச் சீட்டில் ஆரம்பித்தது. ராணிக்கு வயிற்று உப்புசம். வைத்தியர் எழுதிக் கொடுத்த ஓலையை ராஜா வாங்கிப் பார்த்தார். 'சதகுப்பை' என்று ஒரு சொல் இருந்தது. அவர் அதுவரை கேள்விப்படாத சொல். இரண்டு முறை வாய்க்குள் உருட்டிப் பார்த்தார். ருசித்தது. சின்னக் கத்தியை எடுத்து அந்தச் சொல்லை மட்டும் ஓலையிலிருந்து நறுக்கி, சந்தனப் பெட்டியில் பட்டு விரித்து வைத்துக்கொண்டார். ஓட்டை விழுந்த சீட்டை வைத்துக்கொண்டு ராணிக்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்பது அந்தப்புர விஷயம். நமக்கு வேண்டாம்.

அன்றிலிருந்து அரண்மனைக்குள் எந்த ஓலை வந்தாலும் கத்தி தயாராக இருந்தது. சமையல்கட்டுச் சாமான் பட்டியல், குதிரை லாயத்துக் குறிப்பு, குடிகள் கொடுக்கும் மனு, எல்லாவற்றையும் ராஜா ஆசையாகப் படித்தார். விஷயத்துக்காக அல்ல, தெரியாத சொல்லுக்காக. உழவன் மனுவிலிருந்து 'கொழு' போயிற்று. மாட்டுக்காரன் மனுவிலிருந்து 'தும்பு' போயிற்று.

இதோடு நின்றிருந்தால் பாதகமில்லை. ஆஸ்தானப் புலவர் ஒருவர் இருந்தார். பெயர் சோதிநாதர். அவருடைய பட்டங்களைக் கட்டியக்காரன் சொல்லி முடிப்பதற்குள் சபையில் இரண்டு பேராவது தூங்கிவிடுவார்கள். ராஜா அவரைச் சொல் பண்டாரத்துக்குத் தலைவராக்கினார். பதவி வந்தால் சட்டம் போடாமல் இருக்க முடியுமா?

"மகாப்பிரபு, தங்கள் பெட்டியில் உள்ள சொல்லை வீதியில் போகிறவனும் சொல்லித் திரிந்தால் அதற்கு என்ன மதிப்பு? பெட்டிக்குள் வந்த சொல் அரச சொத்து. அதை வேறு எவன் சொன்னாலும் திருட்டு" என்றார் புலவர்.

ராஜா தலையை ஆட்டினார். சட்டமாயிற்று. அதற்கப்புறம் கொல்லன் பட்டறையில் உழவன் கொழுவைக் 'கலப்பைக்கு மூக்கு' என்று கேட்டு வாங்க வேண்டியிருந்தது. மருந்துக் கடையில் சதகுப்பை வாங்கப் போன ஒருத்தி, "குழந்தை வயித்துக்குக் குடுப்பாங்களே, அது" என்று கேட்டு, பேதி மருந்தை வாங்கிக்கொண்டு போனாள்.

சபையில் விகடம் சொல்லிப் பிழைத்த சுருளாண்டிக்கு இதெல்லாம் நல்ல தீனி. வீட்டில் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பான். சபையில் வாயைத் திறக்கமாட்டான். விகடகவிக்கு முதல் பாடமே எப்போது சும்மா இருப்பது என்பதுதான்.

ஒருநாள் அந்தப் பாடத்தை மறந்துவிட்டான்.

அன்று ஒற்றைப்பனையேரி என்ற ஊரிலிருந்து பூவலிங்கம் என்ற மடைக்காரர் வந்திருந்தார். ஏரித் தண்ணீரைத் திறந்துவிடுவதும் அடைப்பதும் அவர் வேலை. அவர் வருவது அது மூன்றாவது தடவை. முதல் தடவை கொடுத்த மனுவில் ஒரு சொல் ராஜாவுக்குப் பிடித்துப்போய், நறுக்கப்பட்டுவிட்டது. மிச்ச மனு, 'எங்கள் ஏரியின்' என்று தொடங்கி, ஒரு ஓட்டைக்குப் பிறகு, 'இடிந்துவிட்டது' என்று முடிந்தது. என்ன இடிந்தது என்று தெரியாததால் அதிகாரிகள் அதை மூலையில் போட்டார்கள். இரண்டாம் தடவை அதே மனுவை எழுதிக்கொண்டு வந்தபோது, அரச சொத்தை ஓலையில் எழுதியதற்காக வாசலிலேயே கிழித்தார்கள். இந்த முறை வாயால் சொல்ல வந்திருந்தார்.

"சாமி, எங்க ஏரியில அது இடிஞ்சி போச்சுங்க."

"எது?" என்றார் ராஜா.

"அதுதானுங்க. சாமி பெட்டியில இருக்குதே, அது."

"என் பெட்டியில் முந்நூறு இருக்கின்றன. எது என்று சொல்."

பூவலிங்கம் புலவரைப் பார்த்தார். புலவர் காவலனைப் பார்த்தார். காவலன் ஈட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

"சொல்லக் கூடாதுங்களே" என்று இழுத்தார் பூவலிங்கம். "ஐப்பசி மழைக்கு இன்னும் பத்து நாளுதாங்க. வந்துதுன்னா கரையை அறுத்துக்கிட்டு ஊருக்குள்ள பூந்துடும். நானூறு வீடுங்க."

ராஜா கொட்டாவி விட்டார். அடுத்த மனுவுக்குக் கை நீண்டது. பூவலிங்கத்தின் உதடு அசைந்து அசைந்து நின்றது. பார்த்துக்கொண்டிருந்த சுருளாண்டிக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"கலிங்கு, மகாராஜா" என்றான். "ஏரியின் கலிங்கு இடிந்துவிட்டது."

எவனாவது சிக்கமாட்டானா என்று எத்தனையோ நாளாகக் காத்திருந்த புலவர் துள்ளி எழுந்தார். "திருட்டு, மகாப்பிரபு. பகிரங்கத் திருட்டு. 'கலிங்கு' என்னும் அரச சொத்தை இந்தக் கோமாளி சபை நடுவே களவாடிவிட்டான். களவாடிய பொருளை மூன்று நாளைக்குள் திருப்பி ஒப்படைக்கட்டும். இல்லையேல் குடும்பத்தோடு நாடு கடத்துங்கள். அதுவரை அந்தச் சொல் சம்பந்தப்பட்ட எந்த மனுவும் விசாரணைக்கு எடுக்கலாகாது."

சொன்ன சொல்லைத் திருப்பிக் கொண்டுவருவது எப்படி? ராஜாவுக்கு இந்த வேடிக்கை பிடித்திருந்தது. "ஆகட்டும். சுருளாண்டி, கொண்டுவா பார்க்கலாம்" என்றார்.

சுருளாண்டி வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தான். மனைவி அங்காயி மோரை ஊற்றினாள்.

"ஊர்ல இருக்கிற வாயெல்லாம் மூடிக்கிட்டு இருக்கு. உன் வாய்க்கு மட்டும் என்ன வந்துது?"

"அந்த மனுசன் மூஞ்சியப் பாத்தேன். வந்துடிச்சு."

"வந்துடிச்சாம். இப்ப அதைப் போய் எங்கன்னு தேடுவ? கேட்டவன் காதுக்குள்ள போய் உக்காந்திருக்கும்."

சுருளாண்டி பிசைவதை நிறுத்தினான். "என்ன சொன்ன?"

"மோர் ஆறுது, குடின்னேன்."

"மோர் எங்கடி ஆறும்" என்று அவன் எழுந்து கை கழுவிக்கொண்டு சந்தைப் பக்கம் போனான்.

மூன்றாம் நாள் சபை கூடியது. சுருளாண்டி தனியாக வரவில்லை. சந்தையில் காது குடைந்து பிழைக்கும் மொட்டையப்பனையும் கூட்டிக்கொண்டு வந்தான். மொட்டையப்பன் தலைப்பாகையில் ஒரு சாண் நீளத்துக்குக் குறும்பிவாங்கி செருகியிருந்தது. கையில் எண்ணெய்க் கிண்ணம், தோளில் துணி, கக்கத்தில் செப்புத் தட்டு.

"எங்கே என் சொல்?" என்றார் ராஜா.

"மகாராஜா, அது என் வாயிலிருந்து புறப்பட்டது உண்மை. ஆனால் இப்போது என்னிடம் இல்லை. வேண்டுமானால் சோதித்துக்கொள்ளலாம்." சுருளாண்டி வாயை ஆவென்று திறந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக் காட்டினான். "அன்றைக்குச் சபையில் இருந்தவர்கள் நாற்பது பேர். எண்பது காதுகள். அரச சொத்து அங்கேதான் பதுங்கியிருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். எல்லோருக்கும் முன்னால் கேட்டுத் துள்ளியவர் புலவர் பெருமான். ஆகவே அதிகம் போனது அங்கேதான்."

"இது அபசாரம்" என்றார் புலவர்.

"ஆணை, ஐயா. தாங்களே கேட்டு வாங்கிய ஆணை."

ராஜா மீசைக்குள் எதையோ அடக்கிக்கொண்டு, "உட்காரும், புலவரே" என்றார்.

கடுக்கன் கழற்றப்பட்டது. தலை சாய்க்கப்பட்டது. மொட்டையப்பன் தொழில்காரன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான். "அடேயப்பா" என்றான். "பல வருசத்துச் சரக்குங்க." சற்று நேரத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒன்று வெளியே வந்தது. சுருளாண்டி அதைத் தட்டில் பட்டு விரித்து ஏந்தி, புலவர் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"பண்டாரத் தலைவர் பார்த்துச் சொல்லவேண்டும். இதுதானே அது?"

"மூடனே, இது எப்படிச் சொல்லாகும்? இது அதுவல்ல."

"அப்படியானால் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. மொட்டையப்பா, ஆழமாக விடு. மூளை வரைக்கும் போனாலும் பரவாயில்லை, வழியில் தடை ஒன்றும் இருக்காது."

குறும்பிவாங்கி திரும்பவும் உள்ளே நுழைந்தது. புலவர் இரண்டு கையாலும் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டார். "போதும், போதும். இதுதான். இதேதான். கிடைத்துவிட்டது."

"நன்றாகப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன். இதுதான் கலிங்கு."

"மகாராஜா, பண்டாரத் தலைவர் பெற்றுக்கொண்டார்" என்று சுருளாண்டி தட்டைச் சிங்காசனத்தின் காலடியில் வைத்தான். சபையில் ஒருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தால் சிரிப்பை அடக்க முடியாது. "இனி மற்றக் காதுகள். அமைச்சர்கள், சேனாபதி, அப்புறம்..." அவன் குரல் தணிந்தது. "அப்புறம் மகாராஜாவின் காதுகள்."

"என் காதுகளுமா?"

"தங்களிடம் சொல்லத்தான் அன்றைக்கு வாயைத் திறந்தேன், மகாராஜா. தங்கள் காதுக்குள் அது போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று பார்க்காமல் எனக்கு ஊரைவிட்டுப் போக மனம் வரவில்லை."

ராஜா அவனைப் பார்த்தார். பிறகு சபையின் ஓரத்தில், மூன்று நாளாக அரண்மனை வாசலிலேயே கிடந்து முகம் வற்றிப்போயிருந்த பூவலிங்கத்தைப் பார்த்தார்.

"புலவரே, கலிங்கு என்றால் என்ன?"

புலவர் காதைப் பொத்திக்கொண்டு யோசித்தார். தெரியாது என்ற சொல் மட்டும் அவர் பண்டாரத்தில் இல்லை. "கலிங்க தேசத்திலிருந்து வரும் உயர்ரகப் பட்டு, மகாப்பிரபு. அரசியர் உடுப்பது."

"பட்டு இல்லீங்க, சாமி. கல்லுங்க" என்று பூவலிங்கம் முன்னே வந்தார். இனிமேல் என்ன ஆனால் என்ன என்று துணிந்துவிட்டவரின் குரல் அது. "ஏரி ரொம்பிச்சுன்னா மிச்சத் தண்ணி வழிஞ்சி ஓடுறதுக்குக் கரையோரமாக் கல்லு வெச்சிக் கட்டியிருப்பாங்க. அதாங்க கலிங்கு. அது இடிஞ்சி கிடக்குது. அத்தனை தண்ணிக்கும் வழி எங்க ஊரு தெருதாங்க."

ராஜாவுக்கு முதலில் தோள் குலுங்கிற்று. பிறகு வயிறு. "நானூறு வீட்டைக் கட்டிக் காக்கிற கல்லை நறுக்கிப் பட்டில் சுற்றி வைத்திருக்கிறேன். என் பண்டாரத் தலைவர் அதை ராணிக்கு உடுத்திப் பார்க்கிறார்" என்று கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ராஜா சிரித்தபின் சபை சும்மா இருக்குமா? அதுவரை அடக்கியதெல்லாம் சேர்ந்து வெடித்தது. சுருளாண்டி மட்டும் சிரிக்கவில்லை. தூணில் சாய்ந்து, நாலைந்து முறை நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டான்.

சட்டம் அப்போதே ரத்தாயிற்று. கல்தச்சர்கள் நாற்பது பேர் அன்று மாலையே ஒற்றைப்பனையேரிக்குப் புறப்பட்டார்கள். பெட்டிகளைத் திறந்து முந்நூறு சொல்லையும் அதனதன் ஊருக்குத் திருப்பி அனுப்பும் வேலை புலவருக்குக் கிடைத்தது. மொட்டையப்பனுக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம். சுருளாண்டிக்கு ராஜா தன் கையிலிருந்த வைரக் கங்கணத்தைக் கழற்றிப் போட்டு, "இனிமேல் குடிகளின் மனுவை நீ படித்துச் சொல். நான் கேட்கிறேன். கத்தி வேண்டாம்" என்றார்.

பூவலிங்கம் சொன்ன பத்து நாளில் எட்டாம் நாள் கடைசிக் கல் வைத்தார்கள். பத்தாம் நாள் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் கொட்டி, ஏரி தளும்பி, மிச்சத் தண்ணீர் புதுக் கற்களின் மேல் வழிந்து ஓடையில் இறங்கி ஓடிற்று. ஊரில் ஒரு வீட்டு வாசல்படிகூட நனையவில்லை. ஒற்றைப்பனையேரி ஜனங்கள் மழைக்குத் தலையில் ஓலைக் குடலையும் கோணியுமாகக் கரைமேல் வந்து நின்று, "கலிங்கு ஓடுது பாரு" என்றார்கள். "ஆமா, கலிங்கு ஓடுது" என்றார்கள். பக்கத்தில் நிற்பவருக்கும் கண் இருக்கிறது என்று தெரிந்தும், அன்று பொழுது சாயும்வரை ஒருவர் மாற்றி ஒருவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.