மன்னரை மறைத்த தீவட்டிகள்

முன்னொரு காலத்தில், மேகம் வீட்டு வாசல் வரை வந்து எட்டிப் பார்க்கும் ஏழ்மடை என்ற மலைநாட்டைச் செங்கோடன் என்ற மன்னன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்தது நினைத்த நொடியில் நடந்தாக வேண்டும் அவனுக்கு.

ஒருநாள் மாலை, கணவாய்க்கு அப்பால் மகள் வீட்டில் பேரனுக்குப் பெயர் சூட்டு விழா. அன்று காலை விடிந்தபோதோ, எதிரே நிற்பவர் முகம் தெரியாத மூடுபனி.

"பனி விலகட்டும், அரசே. பாதையின் ஒரு பக்கம் முழுக்கப் பள்ளம். பல்லக்குத் தூக்குகிறவர்களுக்குத் தங்கள் காலே தெரியாது" என்றார் அமைச்சர் கூத்தபிரான்.

அவர் மேல் எப்போதும் பொறாமை கொண்ட தளபதி கோட்டைமாறன் சிரித்தான். "அமைச்சருக்குப் பனி என்றாலே மூக்கு ஒழுகும்! நூறு தீவட்டிகளை முன்னால் பிடிக்கச் சொல்கிறேன், மன்னா. பனி பயந்து ஓடும்."

மன்னனுக்கு அது பிடித்துவிட்டது. "பேரன் காத்திருக்கிறான். புறப்படுங்கள்!"

அமைச்சர் கைகூப்பினார். "ஒரே ஒரு வேண்டுகோள். தாங்கள் முற்றத்தில் எங்காவது பேசாமல் நில்லுங்கள். தளபதி தீவட்டிகளோடு வந்து தங்களைக் கண்டு வணங்கட்டும். வணங்கிவிட்டால் என் பதவி அவருக்கே."

"இவ்வளவு சுலபமாகவா?" என்றான் தளபதி.

மன்னன் உற்சாகமாக முற்றத்தில் போய் நின்றான். சற்று நேரத்தில் தீவட்டி வெளிச்சம் பட்டுப் பனி முழுவதும் பளீரென்று வெளுத்தது. சுண்ணாம்படித்த சுவர் ஒன்று நடந்து வருவது போலிருந்தது. அடுத்த நொடி, தளபதியின் தோள் மன்னனை இடித்தது. கிரீடம் உருண்டது.

"யாரடா அது, தூண் மாதிரி வழியில் நிற்கிறவன்?" என்று அதட்டிவிட்டுத் தளபதி நடந்தான்.

மன்னனுக்குக் கோபம்கூட வரவில்லை. 'நான் நின்ற இடத்தில் பள்ளம் இருந்திருந்தால்?' என்று நினைத்தான்.

பிறகு சிறு வெளிச்சம் ஒன்று தரையோடு தரையாக, நின்று நின்று வந்தது. அமைச்சர் விளக்கை முழங்காலுக்குக் கீழே பிடித்து, மேலே முறத்தால் மறைத்திருந்தார். மன்னனின் செருப்பு தெரிந்ததும் நின்றார், வணங்கினார், கிரீடத்தையும் எடுத்துக் கொடுத்தார்.

"உமக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?"

"உயரப் பிடித்த வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணையே கூசவைக்கிறது, அரசே. தாழப் பிடித்தால் தரை தெரிகிறது."

"அப்படியானால் உம் விளக்கோடு இப்போதே புறப்படலாமே!"

"இதில் நாலடிதான் தெரியும். முற்றத்துக்குப் போதும், மலைக்குப் போதாது. தாத்தா தாமதமாக வந்தால் பேரன் கொஞ்சம் அழுவான். வராமலே போய்விட்டால்?"

மன்னன் பனி விலகக் காத்துப் படியில் உட்கார்ந்தான்.

உச்சிவேளையில் வெயில் வந்தது. புறப்படும்போது மன்னன் முறத்தையும் விளக்கையும் தளபதியிடம் நீட்டினான். "தூணாகிய நான் சொல்கிறேன், கோட்டைமாறா. வழியில் மறுபடி பனி இறங்கினால் இதை ஏற்றிக்கொண்டு கடைசி ஆளாக வா. பின்னால் வரும் வழிப்போக்கர்கள் நம்மேல் மோதாமல் இருக்கட்டும்."

தளபதி தலைகுனிந்து வாங்கிக்கொண்டான்.

கணவாய் வளைவில் மன்னன் பல்லக்கின் திரையை விலக்கினான். முந்தின நாள் மழையில் பாதையில் பாதி சரிந்து கிடந்தது. பல்லக்கை நிறுத்தச் சொல்லி, இறங்கி, மலையோரமாக நடந்தே கடந்தான்.

மாலையில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு அவன் காதில் மன்னன் மூன்று முறை சொன்ன பெயர், கூத்தபிரான். அன்றுமுதல் ஏழ்மடையில், பனி நாளில் எப்போது புறப்படலாம் என்று பல்லக்குத் தூக்குகிறவர்கள்தான் சொல்வார்கள். மன்னன் காத்திருப்பான்.