மைக்கில் சொன்ன விதி

மாநில பேஸ்கட்பால் அணிக்கு அன்று தேர்வு. இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி. கிடைக்காவிட்டால் இசக்கியம்மாள் அம்மாவோடு உப்பளத்துக்குப் போக வேண்டியதுதான்.

களத்தில் இறங்கப் போனவளை மாவட்ட பேஸ்கட்பால் கழகச் செயலாளர் சௌந்திரபாண்டியன் தடுத்தார். தனியார் பள்ளி ஒன்றின் தாளாளரும் அவர்தான்.

“பதினொண்ணாவதுக்கு நீ பள்ளிக்கூடம் மாறியிருக்கே. மாறினவங்க ஒரு வருஷம் ஆடக்கூடாது. உட்காரு.”

“எங்க ஊர்ப் பள்ளியில பத்தாவதோட சரி சார். மாறாம எப்படிப் படிக்கிறது?”

“விதின்னா விதி. காரணமெல்லாம் கேக்க முடியாது.”

இசக்கி வரிசையில் நின்றவர்களை ஒரு தடவை பார்த்தாள்.

“சரி சார். நான் சொன்னா அம்மா நம்பமாட்டாங்க, ஒழுங்கா ஆடலைன்னு நினைப்பாங்க. அங்கதான் உட்கார்ந்திருக்காங்க. மைக்கில ஒருக்கா சொல்லிடுங்க.”

செயலாளருக்கு மைக் என்றால் ஆசை. “இந்த வருடம் பள்ளி மாறியவர் யாராக இருந்தாலும், காரணம் எதுவானாலும், வெளியே உட்காரவும்,” என்று கணீரென்று அறிவித்தார்.

இசக்கி போய் உட்கார்ந்தாள். செயலாளர் பள்ளியின் கேப்டன் வர்ஷினியும் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீ எதுக்கும்மா?” என்று பதறினார் அவர்.

“ஜூன்லதானே சார் என்னைக் கோயம்புத்தூர்ல இருந்து கூட்டிட்டு வந்தீங்க?”

தேர்வைக் கண்காணிக்க மாநிலக் கழகத்திலிருந்து வந்திருந்த பார்வையாளர் நிமிர்ந்தார். செயலாளர் மறுபடி மைக்கை எடுத்தபோது குரல் இறங்கியிருந்தது.

“தகுந்த காரணம் இருந்தால் விலக்கு உண்டு.”

இசக்கி எழுந்தாள். “என் காரணத்தை முதல்லயே சொல்லிட்டேன் சார். வர்ஷினியோட காரணத்தை நீங்க சொல்லுங்க.”

பார்வையாளர் அவளைப் பார்த்துக் களத்தின் பக்கம் கையைக் காட்டினார். செயலாளரைத் தன் மேஜைக்கு வரச் சொன்னார்.