சேற்றுக்கும் தாருக்கும்

“எந்த டயர் போட்டா எந்த வழியிலயும் போகலாம், அம்மணி?”

கேட்டவர் செங்கோடன். ஐம்பதைத் தாண்டியவர். லாரி ஓட்டியே பாதி வாழ்நாளை நெடுஞ்சாலையில் கழித்தவர். இப்போது லாரியை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கியிருந்தார். அதை மலைக்கு ஓட்ட வேண்டும் என்று ஆசை.

இருசாயி அவரைவிட ரொம்ப இளையவள். அடிவாரத்திலிருந்து தேன்கொம்பை மலைக்கு அரிசியும் சிமெண்டும் ஏற்றிப் போவாள். வரும்போது பலாவும் மிளகும் கீழே கொண்டுவருவாள். அந்த மலைக்குப் புதிதாக வண்டி ஓட்டப் போகிற யாரும் முதலில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள்.

அவள் தன் வண்டியின் இடப்பக்கக் கதவைத் திறந்தாள்.

“ஏறுங்கண்ணா.”

மலைக்குப் போனார்கள். சுமையை இறக்கினார்கள். வேறு சுமையை ஏற்றிக்கொண்டு கீழே வந்தார்கள். வழியெல்லாம் அவள் டயரைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை.

சந்தைக்கடை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“எங்க தூக்கம் வந்துச்சு?”

“தார் ரோட்டுல.”

“எங்க பயம் வந்துச்சு?”

“ஓடை தாண்டி, அந்தச் செம்மண் ஏத்தத்துல.”

“எது நீளம்?”

செங்கோடன் யோசித்தார். “தாருதான். மண்ணு கொஞ்ச தூரந்தான்.”

“அப்ப என்ன டயர் போடுவீங்க?”

“பெரிய பெரிய பட்டன் வெச்ச சேத்து டயர். பயத்துக்குத்தான் டயர் வாங்கோணும், அம்மணி. தூக்கத்துக்கா வாங்குவாங்க?”

“பயத்துக்கு மட்டும் வாங்கினா, மழை பேஞ்ச தாருல பிரேக் அடிக்கறப்ப வண்டி நிக்காது. தூங்கற இடத்துலதான் சாவீங்க.”

“அப்ப ரோட்டு டயரா?”

“ஓடை தாண்ட மாட்டீங்க.”

“பின்ன என்னதான் போடறது?”

“தூக்கத்துக்கும் பயத்துக்கும் நடுவுல ஒண்ணு விக்கறான். போயிக் கேளுங்க.”

டயர் கடைக்காரர் அதற்கு ஆல் டெரெய்ன் என்று பெயர் சொன்னார். தாருக்கும் ஆகும், மண்ணுக்கும் ஆகும். டயர் மேலே புடைத்து நிற்கும் பட்டன் ரொம்பப் பெரிதும் இல்லை, சின்னதும் இல்லை. செங்கோடன் நான்கையும் மாட்டிக்கொண்டு வந்து இருசாயி வீட்டு முன்னால் நிறுத்தினார்.

அவள் குனிந்து டயரைத் தடவிப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நாளில் முதல் புகாரோடு வந்தார்.

“சத்தம் போடுது, அம்மணி. தாருல போனா ஓயாம முணுமுணுங்குது. பழைய டயரு சத்தமே போடாது. தலைவலியே வந்துருச்சு.”

“பாட்டு போட்டுக்கறீங்களா?”

“ஆமா. சத்தமா வெச்சா இது கேக்கறதில்ல.”

“பாட்டை நிறுத்திப்போட்டு இதைக் கேளுங்க.”

அவருக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் பாட்டை நிறுத்தினார். நாள் முழுக்க அந்த முணுமுணுப்பையே கேட்டுக்கொண்டு ஓட்டினார். அவர் காதுக்கு அது புலம்பலாகவே இருந்தது.

ஒருநாள் மறுபடி வந்தார்.

“இன்னைக்குச் சத்தம் மாறிருச்சு, அம்மணி. முணுமுணுப்புக்கு நடுவுல டக்கு டக்குன்னு ஒண்ணு.”

“என்ன பண்ணுனீங்க?”

“நிறுத்தி இறங்கிப் பாத்தேன். பட்டனுக்கு நடுவுல கூர்க்கல்லு ஒண்ணு சிக்கியிருந்துச்சு. ஸ்க்ரூடிரைவரை வெச்சு நெம்பி எடுத்தேன். அப்படியே ஓடியிருந்தா உள்ள கிழிச்சிருக்கும்.”

“தலைவலி?”

செங்கோடன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எப்போது போனதென்று அவருக்கே தெரியவில்லை.

அடுத்த புகார் டீசலைப் பற்றி. “முன்னைவிட அதிகமாக் குடிக்குது.”

“மலையேறுற ஆளு ஒரு கவளம் கூடத்தான் திம்பான்” என்றாள் இருசாயி.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மழைக்காலத்தின் முதல் தூறல்கள் விழுந்தன. செங்கோடனின் வண்டி ஓடையைத் தாண்டியது. செம்மண் ஏற்றத்தில் ஏறியது. மற்ற வண்டிகள் தயங்கி நிற்கும் இடங்களில் அவர் நிற்காமல் போனார். மலையில் பெண்கள் கை காட்டினார்கள். கிழவர்கள் எழுந்து வழி விட்டார்கள்.

சந்தைக்கடையில் டீ குடித்துக்கொண்டே நாலு பேர் கேட்கச் சொன்னார்.

“இனி எனக்கு ரோடுன்னு ஒண்ணு தேவையே இல்ல.”

பக்கத்து பெஞ்சில் இருசாயி உட்கார்ந்திருந்தாள். டீயைக் குடித்து முடித்தாள். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

தேன்கொம்பையில் ஒரு கபடி அணி இருந்தது. எல்லோரும் பெண்கள். தேன் எடுக்கிறவர்களின் மனைவிகள், புளி உலுக்குகிறவர்கள், ஒரு சத்துணவு ஆயா. அவர்களுடைய தலைவி தவமணி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பலாமரத்தடியில் கோடு கிழித்து ஆடிப் பழகியவர்கள், அந்த வருடம் மாவட்ட இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டார்கள். மலையிலிருந்து யாரும் அதுவரை அங்கே போனதில்லை.

ஆட்டத்தன்று விடிந்தபோது பெருமழை கொட்டி ஓய்ந்திருந்தது. இருசாயியின் வண்டி கியர்பாக்ஸ் கழற்றிய நிலையில் பட்டறையில் கிடந்தது. அந்த ஈரத்தில் மலையேறக்கூடியதாக இருந்தது செங்கோடனின் வண்டி ஒன்றுதான்.

“நான் இருக்கேன்” என்றார் செங்கோடன்.

இருசாயியும் முன்னால் ஏறிக்கொண்டாள். இருவரும் மலைக்குப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு இறங்கினார்கள். பெண்கள் சீருடை போட்டிருந்தார்கள். ஊரே கூடி வழியனுப்பியது. செங்கோடன் தேவையில்லாமல் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

செம்மண் பகுதிக்கு வந்தபோது ஏறும்போது இருந்த பாதை இல்லை. மேலேயிருந்து மண் சரிந்து குழம்பாகக் கிடந்தது. இருசாயி அவரைப் பார்த்தாள். அவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

வண்டி பாதிச் சேற்றில் நின்றது.

ஆக்சிலேட்டரை மிதித்தார். பின் சக்கரங்கள் சுற்றின. சேற்றை வாரி இறைத்தன. வண்டி ஒரு சாண் கீழே போனது.

பெண்கள் குதித்தார்கள். “தள்ளுங்கடி” என்றாள் தவமணி. பின்னாலிருந்து தள்ளினார்கள். செங்கோடன் மறுபடி மிதித்தார். சக்கரம் வாரி அடித்த சேறு அத்தனை பேர் மேலும் விழுந்தது. முகம், சீருடை, தலைமுடி, எல்லாம் செம்மண். வண்டி இன்னும் கொஞ்சம் இறங்கியது.

“போதும்” என்றாள் இருசாயி. இறங்கிப் போனாள். “எல்லாரும் மேல ஏறுங்க. பின் சக்கரத்துக்கு மேல நெருக்கி உக்காருங்க.”

“நாங்க தள்ளறோம், அக்கா.”

“உங்க காலு ஆட்டத்துக்கு. இங்க செலவு பண்ணாதீங்க.”

பெண்கள் ஏறினார்கள்.

செங்கோடன் இறங்கி டயரைப் பார்த்தார். பட்டன்களுக்கு நடுவிலெல்லாம் செம்மண் அடைத்து, டயர் மொழுமொழுவென்று மொட்டையாக இருந்தது. ஊர் முழுக்க வழியனுப்பியது நினைவுக்கு வந்தது.

“நல்ல டயருதானே, அம்மணி?”

“நல்ல டயருதான்.”

“பின்ன ஏன் போக மாட்டேங்குது?”

இருசாயி பின் சக்கரத்தின் ஓரம் குந்தினாள். வால்வு மூடியைக் கழற்றினாள். ஒரு குச்சியால் உள்ளே இருந்த ஊசியை அழுத்தினாள். உஸ்ஸென்று காற்று வெளியே வந்தது.

செங்கோடன் பதறிப்போனார். “அம்மணி, அது புது டயரு.”

“புதுசுன்னுதான் இவ்வளவு விறைப்பா நிக்குது.”

காற்று போய்க்கொண்டே இருந்தது. டயரின் அடிப்பகுதி மெல்ல அகன்றது. அதன் பக்கங்கள் லேசாகப் பிதுங்கின. அவள் குச்சியை எடுத்தாள். மூடியைத் திருகினாள். அதே குச்சியை அவரிடம் நீட்டினாள்.

“மத்த மூணையும் நீங்க பண்ணுங்க.”

செங்கோடன் சேற்றில் முட்டி போட்டார். தன் கையாலேயே தன் டயரின் காற்றை இறக்கினார். ஒவ்வொன்றையும் இறக்கும்போது ஏதோ ஒன்று அவரைவிட்டுப் போவதுபோல இருந்தது.

“எவ்வளவு வரைக்கும், அம்மணி?”

“மண்ணுல உக்காரட்டும். ரிம்மு தட்டக் கூடாது.”

அவர் ஏறி உட்கார்ந்தார்.

“ரெண்டாவது கியரு. மிதிக்க வேண்டாம். அது பாட்டுக்குப் போகட்டும்.”

வண்டி ஒரு முறை குலுங்கியது. கொஞ்சம் முன்னால் வந்தது. தயங்கியது. அப்புறம் ஆமை மாதிரி, அகன்ற பாதங்களோடு, சேற்றின் மேல் நடந்து வெளியே வந்தது.

பின்னால் பெண்கள் ஒருவரையொருவர் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஓடையைத் தாண்டினார்கள். தார் வந்தது. செங்கோடன் கியரை மாற்றினார்.

“நிறுத்துங்கண்ணா.”

“நேரம் ஆச்சு, அம்மணி. விசில் ஊதிட்டா ஆட்டத்தை எதிராளிக்குக் குடுத்துருவாங்க.”

“பின்னால இருக்கறது மூட்டையா?”

அவர் நிறுத்தினார்.

“காத்து இல்லாத டயரோட தாருல வேகமாப் போனா சூடேறி வெடிச்சிரும். அடிங்க.”

செங்கோடன் சீட்டுக்கு அடியிலிருந்து, பேட்டரியில் மாட்டும் சிறிய காற்று மெஷினை எடுத்தார். அது மெதுவாகத்தான் அடித்தது. ஒரு டயர், அடுத்த டயர். செங்கோடனுக்கு அந்த நேரம் ஒரு யுகமாக இருந்தது. இருசாயி சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

“இவ்வளவு நேரம் குனியச் சொன்னே. இப்ப நிமிரச் சொல்றே” என்றார் அவர், நான்காவது டயருக்குக் குழாயை மாட்டிக்கொண்டே.

“நான் எங்க சொன்னேன்? ரோடு சொல்லுது.”

நான்கு டயரும் விறைத்து நின்றன. செங்கோடன் ஓட்டினார். அன்று ஓட்டியதுபோல லாரிக்காலத்திலும் ஓட்டியதில்லை என்று பின்னால் சொன்னார். ஒரு இடத்திலும் அவசரப்படவில்லை. ஒரு இடத்திலும் தயங்கவில்லை.

விளையாட்டுத் திடலின் முன்வாசலுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது விசில் இன்னும் ஊதவில்லை.

அன்று தேன்கொம்பைப் பெண்கள் கோப்பையை வென்றார்கள். கடைசி ரெய்டில் தவமணி மூன்று பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்கு வந்ததை மலையில் இன்றைக்கும் சொல்கிறார்கள். செங்கோடனும் சொல்வார். ஆனால் அவர் சொல்ல ஆரம்பிப்பது ஆட்டத்துக்கு முன்னால், வாசலில் நடந்ததிலிருந்து.

வாசலில் சட்டையில் அடையாள அட்டை குத்திய ஒருவர் நின்றிருந்தார். வண்டியைப் பார்த்தார். பின்னாலிருந்த பெண்களைப் பார்த்தார். தலை முதல் கால் வரை செம்மண்.

“என்னய்யா இது, இப்படியேவா உள்ள வருவீங்க? உள்ள பெரிய மனுசங்க எல்லாம் வந்திருக்காங்க. சுத்திப் போனா பின்வாசல்ல குழாய் இருக்கு. அங்க போய்க் கழுவிட்டு வாங்க.”

பெண்கள் தலை குனிந்தார்கள். தவமணி முழங்கையால் முகத்தைத் துடைக்கப் பார்த்தாள். சேறு இன்னும் பரவியது. பக்கத்து வண்டிகளில் வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

செங்கோடன் இறங்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

“மன்னிச்சுக்கங்க, சார். மலையில மழை. இதோ, இப்பத் தொடச்சிர்றேனுங்க.”

துண்டை எடுத்துப் பின்கதவைத் துடைக்கக் குனிந்தார்.

இருசாயி அவர் கையைப் பிடித்தாள்.

“தொடைக்காதீங்கண்ணா.”

“ஏன் அம்மணி? அவுங்க சொல்றாங்கல்ல.”

“எந்த வழியா வந்தோம்னு எல்லாரும் பாக்கட்டும்.”

செங்கோடன் நிமிர்ந்தார்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பின்கதவை அகலத் திறந்தார்.