நின்று பார்க்க ஒரு படம்

நகராட்சித் தலைவர் வைரப்பெருமாளின் முகம் இல்லாத சுவர் அந்த ஊரில் கிடையாது. அத்தனை படம் இருந்தும் ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்பதுதான் அவருக்குக் குறை. நகராட்சிக் கடையில் பாஸ்போர்ட் படம் எடுத்துப் பிழைத்துவந்த பிலவேந்திரனுக்கு ஆள் அனுப்பினார்.

“என்னை ஒரு படம் எடு. போறவன் வர்றவன் எல்லாம் நின்னு பார்க்கணும். நாளைக்குள்ள படம் வரலைன்னா கடையைக் காலி பண்ணிடு.”

“சரிங்க ஐயா” என்ற பிலவேந்திரன், கேமராவைத் தலைவர் பக்கம் திருப்பாமலே மழையில் இறங்கி ஆற்றங்கரைப் பக்கம் நடந்தார்.

மறுநாள் மன்றக் கூட்டத்தில், உறுப்பினர்கள் எல்லோரும் பார்க்கப் படத்தை மேசைமேல் வைத்தார். ஒரு குடிசையின் உட்புறம். தேர்தல் முடிந்து கழற்றிப் போட்ட பேனர்தான் அதற்குக் கூரை. அதில் தலைவர் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ‘எல்லோருக்கும் வீடு’ என்று கொட்டை எழுத்து. கிழிசல் வழியே மழை ஒழுக, கைக்குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு கீழே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். தலைவராலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

“இதை எங்கே எடுத்த?” என்றார்.

“நீங்க கொடுத்த வீட்லதான், ஐயா.”