ஆறுக்குட்டியின் பேட்டரி

ஆறுக்குட்டிக்கு முதலில் துரோகம் செய்தவர் அவருடைய சம்பந்தி நஞ்சப்பன். அதற்குப் பிறகு செய்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கதை வேறு. முதல் ஆள் நஞ்சப்பன்தான்.

ஆறுக்குட்டிக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். முகமூடி வழியாக இரவெல்லாம் காற்று ஊதித் தரும் ஒரு மெஷினை டாக்டர் கொடுத்திருந்தார். வீட்டில் கரண்டில் ஓடும். மலை மேல் கரண்டுக்கு எங்கே போவது? போன வருடம் தன் குரு சாமியம்மாவோடு மலையேறக் கிளம்பியபோது, பேட்டரிக் கடை வைத்திருக்கும் நஞ்சப்பனிடம்தான் போனார்.

"ராத்திரி முழுக்க ஓடணும் சம்பந்தி."

"டிராக்டரையே ஒரே தட்டுல கிளப்பும். உங்க மெஷின் என்ன பெரிய மெஷின்!" என்று நஞ்சப்பன் ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார்.

ஒரே தட்டில் கிளப்பத்தான் அது செய்யப்பட்டது. விடிய விடியக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க அதற்குத் தெரியாது. அதைத் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து பாதி மலையிலுள்ள குகைவரை ஏறினார் ஆறுக்குட்டி. நடுராத்திரியில் அது செத்தது. மூச்சுத் திணறி எழுந்தவர் விடியும்வரை பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உச்சியைப் பார்க்காமலே திரும்பி வந்தார்.

அதுகூடப் போகட்டும். பிறகு ஒரு கல்யாணப் பந்தியில், "எங்க சம்பந்தி கொறட்டையைக் கேட்டே பேட்டரி செத்துப் போச்சு" என்றார் நஞ்சப்பன். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். 'நான் கொடுத்தது தப்புதான்' என்ற ஒரு வார்த்தை இன்றுவரை அவர் வாயிலிருந்து வரவில்லை.

சாமியம்மா அடிவாரத்தில் குடில் போட்டு இருப்பவர். ஆறுக்குட்டிக்கு மகள் வயது. ஆனாலும் குரு. அவரோடு மலையேறுகிறவர்களுக்கு ஒரே ஒரு விதி உண்டு. அவரவர் சுமையை அவரவரே தூக்க வேண்டும். அடுத்தவர் கை வைக்கக் கூடாது.

இந்த வருடம் சாமியம்மா குடிலுக்கு அரிசி வாங்க டவுனுக்கு வந்தபோது, ஆறுக்குட்டி அவரையும் பேட்டரி வாங்கக் கூட்டிப் போனார். மெஷினை ஒரு பையில் போட்டுக்கொண்டார். நஞ்சப்பன் கடை இருக்கும் தெரு வழியாகப் போனால் பக்கம். இரண்டு தெரு சுற்றிக்கொண்டு வேறொரு கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் இப்ராகிம் இரண்டு பேட்டரிகளை எடுத்து வைத்தார்.

"ரெண்டுமே விடிய விடியக் குடுக்கறதுக்குன்னு செஞ்சது. தினம் காலி பண்ணித் தினம் ஏத்திக்கலாம். பெருசு ஈயம், சிறுசு லித்தியம்."

ஆறுக்குட்டி பெரியதைத் தூக்கினார். போன வருடத்து டிராக்டர் பேட்டரியைவிடக் கனம். முழங்கால் சத்தம் போட்டது. கீழே வைத்துவிட்டுச் சிறியதை எடுத்தார். பூசணிக்காய் கனம்கூட இல்லை. முகம் மலர்ந்தது.

"இது போதுங்களா?"

இப்ராகிம் மெஷினை ஓடவிட்டு மீட்டரைப் பார்த்தார். "போதாது பெரியவரே. இந்த இழுப்புக்கு இது நடுராத்திரியைத் தாண்டாது."

"அப்பப் பெருசு?"

"அது தாங்கும். அதை நீங்க தாங்குவீங்களா?"

ஆறுக்குட்டி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தாங்குவதைத் தூக்க முடியாது. தூக்க முடிந்தது தாங்காது. இந்த வருடமும் மலை இல்லை.

"எல்லாம் அந்த நஞ்சப்பனாலதான். அன்னைக்கு டிராக்டர் பேட்டரியைக் குடுத்து..." என்று ஆரம்பித்தார். காலையில் பஸ்ஸில் சொன்னதுதான். அரிசிக் கடையில் சொன்னதுதான். கல்யாணப் பந்தி வரைக்கும் வந்து நின்றார்.

சாமியம்மா மெஷின் மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி, எதை எடுக்கட்டுங்க? சொல்லுங்க."

"இந்தப் பக்கம் ஏன் இப்படிச் சுடுது?"

"அது தண்ணித் தொட்டிங்க. காத்து கதகதப்பா வர்றதுக்கு."

"டாக்டர் இது கட்டாயம்னாரா?"

"காத்து அவசியம், சூடு சௌகரியம்னாருங்க."

சாமியம்மா பக்கத்திலிருந்த குமிழைத் திருகிச் சூட்டை அணைத்தார். மீட்டரில் எண் சரசரவென்று இறங்கி, பழைய எண்ணில் கால் பங்கில் வந்து நின்றது. மெஷின் அதே நிதானத்தில் காற்று ஊதிக்கொண்டிருந்தது.

"அட!" என்றார் இப்ராகிம். "இப்பச் சிறுசே விடியறவரைக்கும் ஓடும். மிச்சமும் இருக்கும்."

ஆறுக்குட்டி எழுந்து நின்றார். "மூக்கு குளிருமேங்க சாமி?"

"குளிரும்."

சிறியதை வாங்கினார்கள்.

பௌர்ணமியன்று ஆறுக்குட்டி அதே குகையில் படுத்தார். கண் விழித்தபோது முகத்தில் வெயில் அடித்தது. முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு காதருகே மெஷின் ஊதும் சத்தம் கேட்டது. எழுந்து பேட்டரியைப் பார்த்தார். இன்னும் கால் பங்குக்கு மேல் இருந்தது. குகை வாசலுக்கு வந்து சும்மா மூச்சை இழுத்து விட்டார். மறுபடி இழுத்து விட்டார். சிரிப்பு வந்தது, ஏனென்று தெரியாமல் கண்ணும் நிறைந்தது.

பேட்டரியும் மெஷினும் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் உச்சிக்கு வந்து சேர்ந்தார். சாமியம்மா ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார்.

"மூக்கு?"

"பனிக்கட்டியாட்டம் இருக்குதுங்க. ஆனா இப்படித் தூங்கி வருசக்கணக்காச்சுங்க சாமி."

காற்று வீசிக்கொண்டிருந்தது. ஆறுக்குட்டி பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அடிவாரத்தைப் பார்த்தார். தூரத்தில் டவுன் தெரிந்தது. அதற்குள் எங்கோ அந்தக் கடையும் இருக்கும்.

"ஆனா சாமி, அந்த நஞ்சப்பன்..."

"ம்."

"ஒரு வார்த்தை எனக்குப் பாக்கி வெச்சிருக்கான். அதை விட்டுத் தொலைன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க."

"சொல்லலையே."

"அது எனக்கு வர வேண்டியதுதானுங்களே?"

"வர வேண்டியதுதான்."

இத்தனை நாளில் அவரிடம் அப்படி யாரும் ஒப்புக்கொண்டதில்லை. ஆறுக்குட்டிக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியதுபோல் இருந்தது.

"அப்ப நான் என்ன பண்ணட்டுங்க?"

சாமியம்மா எழுந்து கம்பை எடுத்துக்கொண்டார்.

"அவர் குடுக்கும்போது வாங்கிக்குங்க. அதுவரைக்கும் அந்தச் சூட்டுக்குக் கரண்ட் குடுக்காதீங்க."