பூவாத்தாளின் வயிற்று வலி

மலையடிவாரக் குளக்கரையில் ஒரு மான் கூட்டம் மேய்ந்து வந்தது. அதற்குக் காவல் பூவாத்தாள் என்ற புள்ளிமான். சிறுத்தை வந்தால் முதலில் குரல் கொடுக்க வேண்டியது அவள்தான்.

அந்த மழைக்காலத்தில் கலங்கிய தண்ணீரைக் குடித்து எல்லா மான்களுக்கும் வயிற்றுப்போக்கு வந்தது. மற்ற மான்கள் தேறிவிட்டன. பூவாத்தாளுக்கு மட்டும் வலி விடவில்லை. சில நாள் வயிறு மத்தளம் போல உப்பிக்கொள்ளும். சில நாள் புதருக்கும் குளத்துக்கும் ஓட்டம்தான்.

காட்டு வைத்தியர் கரடி மாதேவனிடம் போனாள். மாதேவன் அவள் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். அங்கங்கே அமுக்கினார்.

"கல்லும் இல்லை, கட்டியும் இல்லை. உன் வயிறு நன்றாக இருக்கிறது!"

"அப்படியானால் ஏன் வலிக்கிறது, வைத்தியரே?"

"அதுதான் தெரியவில்லை. போய் நல்ல புல்லாகத் தின்னு!"

மரத்தில் இருந்த கருங்குரங்கு சடையன் வாலை ஆட்டிச் சிரித்தான். "எனக்குத் தெரியுமே! உடம்பு வேலைக்கு வணங்கவில்லை. அதற்கு வலி என்று ஒரு பெயர்!"

மான்களும் சிரித்தன. பூவாத்தாள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

ஒரு நாள் காலையில் வலி அவளைச் சுருட்டிப் போட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். அந்த நேரம் பார்த்துச் சிறுத்தை பாய்ந்தது! ஒரு மான்குட்டி காது கிழிந்து, உயிர் தப்பி ஓடி வந்தது.

"இவளை நம்பினால் நம் பிள்ளைகள் மிஞ்சாது!" என்று மான்கள் கத்தின.

"வேறு யாரையாவது காவலுக்கு வையுங்கள். ஆனால் நான் பொய் சொல்லவில்லை" என்றாள் பூவாத்தாள்.

"கிளையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது ஒரு வேலையா? நான் பார்க்கிறேன்!" என்று சடையன் மார்தட்டினான்.

முதலில் ஜோராகத்தான் இருந்தது. பிறகு ஒரு சருகு அசைந்தாலும் சடையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் குரல் கொடுக்கத் தவறினால் ஒரு குட்டி போய்விடுமே! சிறுத்தைக்கு மரமேறவும் தெரியுமே! அத்திப்பழங்களை மெல்லாமல் விழுங்கினான். தூங்கும்போதும் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருந்தான்.

கொஞ்ச நாளில் அவன் வயிறு கடமுடா என்றது. பிறகு முறுக்கிப் பிழிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாதேவனிடம் ஓடினான்.

மாதேவன் அமுக்கிப் பார்த்தார். "கல்லும் இல்லை, கட்டியும் இல்லை!"

"இருக்கிறது! பெரிய பாறையே இருக்கிறது! நன்றாகப் பாருங்கள்!" என்று அலறினான் சடையன்.

"உடம்பு வேலைக்கு வணங்கவில்லையோ?" என்று மாதேவன் கேட்டார். சடையன் வாலைச் சுருட்டிக்கொண்டான்.

மாதேவன் யோசித்தார். காவலை விட்டபின் பூவாத்தாளுக்கு வலி பாதியாகக் குறைந்திருந்தது. அவளைக் கூப்பிட்டார்.

"நான் வயிற்றை மட்டும் பார்த்தேனம்மா. நீ எப்படி வாழ்கிறாய் என்று கேட்கவில்லை. அந்த வயிற்றுப்போக்கு உன் வயிற்றைத் தொட்டாற்சுருங்கி ஆக்கிவிட்டது. அதன்மேல் காவல் நிற்கும் பயம், அவசரத் தீனி, தூக்கமில்லாமை. வயிறு என்னதான் செய்யும்?"

இதைக் கேள்விப்பட்ட மான்களுக்கு வெட்கமாகிவிட்டது. அன்று முதல் எல்லாரும் முறைவைத்துக் காவல் நின்றார்கள். முறை இல்லாதவர்கள் நிதானமாக அசைபோட்டு, அயர்ந்து தூங்கினார்கள். சடையன் நல்ல தளிராகப் பறித்துப் பூவாத்தாளுக்குப் போட்டான். போடும்போது மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

பூவாத்தாளுக்கு இன்றும் சிறுத்தையின் உறுமல் கேட்டால் வயிறு லேசாக முறுக்கும். இப்போது அவள் அதை வெளியில் சொல்கிறாள். யாரும் சிரிப்பதில்லை.

காரணம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக ஒருவரின் வலியைப் பொய் என்று சொல்லக் கூடாது. மனம் படும் பாட்டை வயிறும் சேர்ந்தே படுகிறது.